மடி கரையேறும் வரை சொல்லாதவள்

முல்லைத்தீவுக் கரையில் நண்டு கழற்றும் வாடிக் கொட்டில்களில் காலையில் கதை ஓயாது. வலை கரைக்கு வந்ததும் பெண்கள் வட்டமாக இருந்து, கண்ணியில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் எடுப்பார்கள். கால் முறிந்த நண்டை வாங்குகிறவர்கள் ஒதுக்கிப் போடுவார்கள். அதனால் கை மெதுவாகவும் வாய் வேகமாகவும் ஓடும் இடம் அது. டிலுசா ஆங்கிலம் பேசிப் பழகியது அங்கேதான். பேசியது நண்டுகளோடு.

"ஹீ ஹோல்ட்ஸ் ஒன் ரு த நெற்," என்று தொடங்குவாள். நண்டு வலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. "ஷீ புல்ஸ் அற் த லெக்." அவள் காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். பிறகு குரலை உயர்த்தி, "ஹீ லெற்ஸ் கோ ஒவ் இற்!" விட்டுவிட்டது. நண்டு கூடைக்குள் விழும்.

"எடியே, என்ர நண்டுக்கும் ஒண்டு சொல்லடி. இது தமிழுக்கு மசியிறேல்லை," என்பாள் பக்கத்தில் இருக்கும் கிருசாந்தினி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

டிலுசாவின் தாய் சுசிலா தலையை நிமிர்த்தாமலே சொல்வா: "வாய் ஓடட்டும். கை நிக்கக் கூடாது."

டிலுசாவுக்கு இப்போது இருபத்தைந்து வயது. தகப்பன் ஸ்ரனிஸ்லஸ் கரைவலை மண்டாடி. வலை வளைப்பதையும் இழுப்பதையும் நடத்துகிறவர். தம்பி அனிஸ்ரன் தகப்பனோடு வலையில் நிற்கிறான், பின்னேரங்களில் ஊர்க் கழகத்தின் கோல்காப்பாளன். யுத்தம் முடிந்து செட்டிகுளத்துப் பக்கம் முகாமில் இருந்த மாதங்களில், பொலித்தீன் சுற்றிய பந்தைப் பெடியன்கள் கூடாரங்களுக்கு இடையில் உதைப்பதை இவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஆடக் கேட்டால் விடமாட்டார்கள். அதனால் என்ன நடக்கிறதென்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும் பழக்கம் அப்படி வந்தது.

ஆங்கிலம் பிறகு, கைத்தொலைபேசியோடு வந்தது. வெளிநாட்டு உதைபந்தாட்டங்களின் நேர்முக வர்ணனையைப் பதிவிறக்கி, வாடியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். பந்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒரு விடயம் பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் லுக் என்றால் பார் என்று படிப்பித்தார்கள். இந்தக் குரல்களிலோ லுக் ஒருபோதும் தனியாக வருவதில்லை. லுக் அற் என்றால் ஒன்றைப் பார்ப்பது. லுக் ஃபோர் என்றால் காணாததைத் தேடுவது. லுக் ஆஃப்ரர் என்றால் ஒருவரைப் பராமரிப்பது. வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறது. ஆனால் ரீச் என்ற சொல்லுக்கு வாலே கிடையாது. பந்து கோட்டை அடைந்தது என்று சொல்ல, அதற்குப் பின்னால் 'ரு' போடுகிறவர்கள் ஒருவரும் இல்லை. தமிழில் நாங்கள் 'வீட்டுக்கு' என்று சொல்லிப் பழகியதால் நாக்கு அந்த 'ரு'வைத் தேடும். தேடக் கூடாது.

ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தூண்டிலைக் கடையில் தனியே வாங்கலாம், தங்கூசி நூல் இல்லாமல் கடலில் போட முடியாது. எந்தத் தூண்டிலுக்கு எந்தத் தங்கூசி என்பது கட்டிக் கட்டித்தான் கைக்கு வரும். வினைச்சொல்லையும் அதன் வாலையும் அவள் அப்படியே சோடியாகத்தான் எடுத்தாள். எடுத்ததை உடனே ஏதாவதொன்றில் கட்டியும் பார்த்தாள்.

ஒருநாள் கிருசாந்தினிக்கு அதை விளங்கப்படுத்த, வெறும் நண்டு ஓடு ஒன்றை எடுத்தாள்.

"இந்தா, பிடி. இது த்ரோ ரு," என்று மெதுவாக எறிந்தாள். கிருசாந்தினி பிடித்தாள்.

"சரி, இதிலென்ன இருக்கு?"

"இது த்ரோ அற்." இரண்டாவது ஓடு கிருசாந்தினியின் நெற்றியில் பட்டது.

"ஐயோ, நாசமாப் போனவளே! உன்ர இங்கிலீசு எனக்கு வேண்டாம்!"

"இனி உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டாய்."

"மறக்க மாட்டன். நெத்தி வீங்கியெல்லே போச்சு. சுசிலாக்கா, உங்கட மோள் எனக்கு அற் எறியிறாள், பாருங்கோ!"

சுசிலா அப்போதும் நிமிரவில்லை. "நீ திருப்பி ரு எறியாதை. அற் எறி," என்றா. வாடி முழுதும் சிரித்தது.

ஊர்க் கழகத்தின் கிண்ணத்துக்கான சுற்றுப்போட்டி ஒவ்வொரு வருடமும் கோயில் பெருநாளை ஒட்டி நடக்கும். இரண்டு வருடமாக அதைக் கைத்தொலைபேசியால் நேரலையாக விடுகிறார்கள். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போன குடும்பங்கள் அங்கிருந்து பார்க்கும். ஒலிபெருக்கியில் வர்ணிப்பவர் கழகச் செயலாளர் ஸ்ரீபன். அவருடைய குரல் கேட்டால் கடலில் நிற்கும் படகுகூடத் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஆனால் போன வருடம் நேரலைக்குக் கீழே பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள்: இவர் என்ன சொல்கிறார்? டிலுசாவின் சின்னம்மாவின் மகள், ரொறொன்ரோவில் பிறந்த ஜொவானாவும் அதையே எழுதியிருந்தாள். அவளுக்கும் டிலுசாவுக்கும் ஒரே வயது. ஒருவரோடொருவர் பேசியதில்லை, ஒரு மொழி போதாமல் இருந்தது.

இந்த வருடக் கூட்டத்தில், நேரலைக்குத் தனியாக ஆங்கில வர்ணனை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆர் சொல்வது என்று கேட்டதும் டிலுசா கையை உயர்த்தினாள்.

ஸ்ரீபன் கண்ணாடியைக் கழற்றினார். "சாதாரணதரத்தில இங்கிலீசுக்கு என்ன எடுத்தனி, பிள்ளை?"

"எஸ்."

"ஆகக் குறைஞ்ச பாஸ். அந்த எஸ்ஸை வைச்சுக்கொண்டோ மைக் பிடிக்கப் போறாய்?"

"மைக் சேட்டிபிகேற் கேக்காது அண்ணை. பந்து எங்க போகுதெண்டுதான் கேக்கும்."

கூட்டம் கைதட்டியது. ஸ்ரீபனும் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அரையிறுதியில முதல் பாதி உனக்கு. சரிவந்தா இறுதியாட்டமும் உனக்குத்தான். சரிவராட்டி ஆங்கிலம் வேண்டாம், நான் தமிழிலயே சமாளிக்கிறன். வெளிநாட்டில இருக்கிற சனத்துக்கு முன்னால எங்கட கரை சிரிப்பா நிக்கக் கூடாது."

அரையிறுதி செட்டிகுளத்தோடு. சனிக்கிழமை பின்னேரம். டிலுசா ஒலிவாங்கியை வாங்கினாள், பந்து ஓடத் தொடங்கியது, அவள் தடுமாறினாள்.

சொற்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. வாடியில் நண்டு ஓரிடத்தில் இருந்து போராடும், பந்து இருக்காது. அவளுடைய தலைக்குள் ஒவ்வொரு வசனமும் முதலில் தமிழில் கட்டப்பட்டது: இடது பக்கத்திலிருந்து, கோலுக்கு மேலால், அடித்தான். திசை முன்னால், செயல் கடைசியில். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது செயலை முன்னுக்குத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கி வைத்து முடிக்கையில் மற்றவன் பந்தோடு மறுபக்கம் போய்விட்டான். இடையிடையே நீண்ட அமைதி விழுந்தது. மைக் வேலை செய்கிறதா என்று யாரோ எழுதினார்கள். எழுதியது ஜொவானா.

இடைவேளையில் ஸ்ரீபன் வந்தார். கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ சொல்லுறதெல்லாம் சரி, பிள்ளை. ஆனா நீ சொல்லி முடிக்கேக்குள்ள பந்து செட்டிகுளத்துக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திட்டுது. அதோட, முடிவைச் சொல்லப் பயப்பிடுறாய். கோல் விழுந்த பிறகும் நடுவர் கையைக் காட்டுமட்டும் வாயைத் திறக்கிறாயில்லை."

ஒலிவாங்கி கைமாறியது. ஊர் அணி வென்றது. வீட்டுக்கு வரும் வழியில் அனிஸ்ரன் சைக்கிளை அவள் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நான் பிடிச்ச பந்தை அவன் இன்னும் அடிக்கவேயில்லையாம், உன்ர கணக்கில?"

"போடா."

"இல்லை, இனி நானும் ஆறுதலாப் பிடிக்கலாமெண்டு பாக்கிறன்."

டிலுசா நடையை எட்டிப் போட்டாள். கொஞ்சத் தூரம் போய், "அடுத்த ஞாயிறு இறுதியாட்டத்துக்குள்ள சரிப்பண்ணுவன்," என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

திங்கள் காலை கரைவலை இழுப்பு. ஆள் குறைவென்று டிலுசாவும் கயிற்றில் நின்றாள். வலையின் இரண்டு பக்கத்துக் கயிறுகளையும் இரண்டு வரிசையாகப் பிடித்து, நுனியில் இருக்கும் மடி கரையேறும் வரை இழுப்பார்கள். மீன் சேர்வது அந்த மடியில்தான். ஸ்ரனிஸ்லசின் வலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மடி மணலில் முட்டும் வரை ஒருவரும் மீன் பட்டது என்று சொல்லக் கூடாது. கயிறு பாரமாக இருக்கலாம், பறவைகள் சுற்றலாம், தண்ணீர் வெள்ளியாக மின்னலாம். வாயைத் திறக்கக் கூடாது. கடைசிப் பாகத்தில் மடி கிழிந்து எல்லாம் போனதை அவர் கண்டிருக்கிறார். அன்று புதிதாக வந்த ஒருவன், "அண்ணை, நல்லாப் பட்டிருக்குப் போல!" என்று கத்திவிட்டான். ஸ்ரனிஸ்லஸ் அவனைக் கயிற்றிலிருந்து எடுத்து மணலில் இருத்திவிட்டார்.

அந்தச் சத்தம் அடங்கியதும் நீரோட்டம் மாறியது. வலை ஒரு பக்கம் சரிந்தது. ஸ்ரனிஸ்லஸ் கையை வீசிக் கத்தினார்.

"இழு இஞ்சால! விடு அங்கால! தூக்கு மேல, தூக்கு மேல!"

டிலுசா கயிற்றை இழுத்தாள். இழுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். பின்னால் நின்ற கிருசாந்தினி இவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்தாள்.

"கிருசா, கேட்டனியோ?"

"என்னத்தை? உன்ர அப்பா பேசுறாரெண்டுதான் கேட்டது."

"இழு இஞ்சால. இழு முதல், இஞ்சால பிறகு!"

வீட்டில் அதே மனிதர் 'அந்தக் கதிரையை இஞ்சால இழு' என்பார். கரையில் அதற்கு நேரமில்லை. செயல் முன்னுக்குப் பாய்கிறது, திசை அதன் வாலாக ஒட்டிக்கொண்டு வருகிறது. புல் இன். லெற் அவுட். லிஃப்ற் அப். அவள் இவ்வளவு காலமும் ஆங்கிலத்தை வீட்டுத் தமிழில் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கரைத் தமிழில் கிடந்தது.

அந்தக் கிழமை முழுவதும் அவள் சாதாரணமாகப் பேசவில்லை. "போகுது வெளியால நாய்! கோஸ் அவுட்!" "பாயிது மேலால கோழி! ஜம்ப்ஸ் ஓவர்!" முதலில் கரைக் குரலில் தமிழ், அதன் மேலேயே ஆங்கிலம். இரண்டு நாளில் தமிழ் தேய்ந்துபோய் ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. கிருசாந்தினி வாடி முற்றத்தில் பழைய பந்தொன்றை வேலியில், படகில், கூடையில் அடித்துக் கொடுத்தாள். ஹிட்ஸ் எகென்ஸ்ற். ரோல்ஸ் அண்டர். கோஸ் இன்ரு. அடி எங்கே விழுகிறது என்று தெரிவதற்கு முன்பே வினை வாயில் இருந்தது. வாலைப் பந்தே கொண்டுவந்து கொடுத்தது. எதிராளியை நேரே தாக்கப் போனால் ரன்ஸ் அற், அவனைக் கடந்து போனால் ரன்ஸ் பாஸ்ற். ஒரு நாள் கூடை உடைந்தது. சுசிலா உடைந்ததை எடுத்தெறிந்தா. புதுக் கூடையைக் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளி வைத்தா.

ஒன்றை மட்டும் டிலுசா மாற்றவில்லை. முடிவை முந்திச் சொல்ல அவளுக்கு வரவும் இல்லை, விருப்பமும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்ரீபனின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அண்ணை, எதையாவது காட்டுங்கோ. சொல்லுறன்."

றோட்டில் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. ஒரு மாடு குறுக்கே வந்தது. ஸ்ரீபன் விரலை நீட்டுவதற்குள் டிலுசா தொடங்கிவிட்டாள். லொறி வேகம் குறைந்து, விலகி, மாட்டைச் சுற்றி, மதகின் மேலால் ஏறிப் போய் வளைவில் மறையும் வரை மூச்சு விடவில்லை.

ஸ்ரீபன் மாட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை எப்பிடியடி செய்தனி?"

"அப்பா பேசினதைக் கேட்டு."

"சரி. இறுதியாட்டத்தைத் தொடங்கு. நிண்டியெண்டா மைக்கை வாங்கிப்போடுவன்."

இறுதியாட்டம் துணுக்காய் அணியோடு. அங்கிருந்து இரண்டு பேருந்தில் ஆதரவாளர்கள் வந்திருந்தார்கள். "மீன் மணக்குது, கோலை மூடுங்கோ!" என்று அவர்கள் கத்த, "வயலுக்குத் தண்ணி கட்டப் போங்கோ, இருட்டப் போகுது!" என்று கரைக்காரர் திருப்பிக் கத்தினார்கள்.

டிலுசா கோட்டோரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்றாள். கீழே முக்காலியில் பூட்டிய கைத்தொலைபேசியோடு கிருசாந்தினி. ஒலிபெருக்கியில் ஸ்ரீபனின் தமிழ், நேரலையில் இவளுடைய ஆங்கிலம். பந்து உருண்டது. அவளுடைய குரலும் உருண்டது. அடுத்த ஆளுக்குக் கொடுக்கும்போது பாஸஸ் ரு, பறிகொடுக்கும்போது லூசஸ் இற் ரு, தலையால் வெளியே தள்ளும்போது ஹெட்ஸ் இற் அவே. இடைவேளைக்குள்ளேயே நேரலைக்குக் கீழே கருத்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஸ்ரீபன் மைக்கை வாங்க வரவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத்தான் கொடுத்தனுப்பினார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. தண்ட உதைகளுக்குப் போனது. கடைசி உதை துணுக்காயுடையது. அனிஸ்ரன் அதைத் தடுத்தால் கிண்ணம் கரைக்கு. விட்டால் மறுபடி தொடங்க வேண்டும்.

அந்த நேரத்தில் முன்னால் இருந்த சனம் முழுதும் எழும்பியது.

"டிலுசா, ஒண்டும் தெரியுதில்லை!" கிருசாந்தினி கீழிருந்து கத்தினாள். "முதுகுதான் தெரியுது! இருங்கோவன் சனமே!"

யாரும் இருக்கவில்லை. கடல் கடந்து பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் திரையில் ஒரு சிவப்புச் சட்டையின் முதுகு. இனிக் குரல் மட்டும்தான்.

"ஹீ ரன்ஸ் அப் ரு த போல்," என்றாள் டிலுசா. "ஷூட்ஸ் ரு த லெஃப்ற். த கீப்பர் டைவ்ஸ், கெற்ஸ் எ ஹாண்ட் ரு இற்! இற் கோஸ் அப், ஹை அப்…"

ஒலிபெருக்கி வெடித்தது. "பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான் எங்கட அனிஸ்ரன்! கிண்ணம் கரைக்கு வந்திட்டுது!" சனம் துள்ளியது. எங்கோ வெடி கொளுத்தினார்கள். அனிஸ்ரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தன் ஆட்களை நோக்கி ஓடத் தொடங்கினான். கையில் பட்டு மேலே போன பந்து அவனுக்குப் பின்னால் இறங்கியது. அது சுழன்றுகொண்டிருந்தது. மணலில் குத்தி, கோலை நோக்கித் திரும்பியது.

மைதானத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மிகச் சிலர். டிலுசா ஒருத்தி.

"நொட் யெற்! இற் கம்ஸ் டவுன் பிஹைண்ட் ஹிம். இற் ஸ்பின்ஸ் பாக், பாக் ருவேர்ட்ஸ் த லைன்…"

இன்னொருவர் கோலுக்குப் பின்னால் கயிற்றோரம் நின்றார். அவரும் கைதட்டவில்லை, துள்ளவில்லை. கரையில் கத்துகிற அதே குரல் வந்தது.

"திரும்பு பின்னால!"

அந்தக் குரலுக்குக் காரணம் கேட்டு அனிஸ்ரன் ஒருநாளும் பழகியதில்லை. திரும்பினான்.

"ஹீ ரேர்ன்ஸ் எரவுண்ட்! ரன்ஸ் பாக், டைவ்ஸ் ஒன் ரு இற்…"

கோட்டின் மேல் பந்து. பந்தின் மேல் அனிஸ்ரன். நடுவர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். டிலுசா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொறொன்ரோவும் லண்டனும் அவளோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவர் நிமிர்ந்து, கோல் இல்லை என்று கையை வீசினார்.

"ஹீ கீப்ஸ் இற் அவுட்!" இப்போதுதான் அவள் கத்தினாள். "நவ் ஐ கான் ரெல் யூ! த கப் கம்ஸ் ஹோம் ரு அவர் ஷோர்!"

ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. பிறகு ஸ்ரீபனின் குரல் வந்தது: "அன்பான ரசிகர்களே, முதல் சொன்னது ஒத்திகை. இப்பதான் உண்மையாப் பிடிச்சவன்." துணுக்காய்க்காரர்கூடச் சிரித்தார்கள்.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிவரும்போது டிலுசாவின் தொலைபேசி அடித்தது. ஜொவானா. அங்கே காலை நேரம், பின்னால் சின்னம்மா அழுவதும் சிரிப்பதும் கேட்டது. ஜொவானா ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பேசினாள். பந்து மேலே போனதைக் கண்டாளாம். பின்னால் இறங்கியதைக் கண்டாளாம். கோட்டை நோக்கி உருண்டபோது தான் கட்டிலில் ஏறி நின்று அவனைத் திரும்பச் சொல்லிக் கத்தினாளாம். எல்லாவற்றையும் கண்டாளாம். டிலுசா அவளோடு நெடுநேரம் பேசினாள். இரண்டு பேரும் மாறி மாறி அந்த உதையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள். தலைக்குள் ஒரு தமிழ் வசனமும் கட்டாமல் பேசியிருக்கிறோம் என்பது டிலுசாவுக்குத் தொலைபேசியை வைத்த பிறகுதான் தெரிந்தது.

கிருசாந்தினி பதிவைத் திருப்பி ஓடவிட்டுக் காட்டினாள். தொடக்கம் முதல் கடைசி வரை சிவப்புச் சட்டையின் முதுகு. ஒருமுறை அந்தச் சட்டைக்காரர் தலையைச் சொறிகிறார். வேறொன்றும் இல்லை.

"இதிலயோ கண்டவள்?" என்றாள் கிருசாந்தினி.

ஸ்ரீபன் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றிக் கட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "பயந்து நிக்கிறாயெண்டு அண்டைக்குச் சொன்னனான், பிள்ளை. நீ பயத்தில நிக்கேல்லை." ஒலிவாங்கியைப் பெட்டிக்குள் வைக்காமல் அவளுடைய கையில் கொடுத்தார். "உன்னட்டையே இருக்கட்டும். அடுத்த பெருநாளுக்குத் தேடித் திரிய ஏலாது."

சனம் கலைந்துகொண்டிருந்தது. ஸ்ரனிஸ்லஸ் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். மகனைத் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மகளுக்கு முன்னால் நின்றார். அவளுடைய ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. பிள்ளைகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவருடைய வாயில் வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

"எல்லாரும் கத்தேக்குள்ள நீ சொல்லேல்லை, என்ன?"

"இல்லை அப்பா. மடி கரைக்கு வரேல்லையே."

அவர் மகனின் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, மைதானத்தின் மறுகரையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, நீரோட்டத்துக்கு எதிராகக் கத்துகிற அந்தக் குரலில் சொன்னார்.

"வந்திட்டுது, பிள்ளை! இனிச் சொல்லுங்கோ எல்லாரும். நல்லாப் பட்டிருக்கு!"